நுண்ணுயிர் எதிர்ப்பிச் சோதனைக்கான வளர்ப்பு ஊடகம்

நுண்ணுயிர் எதிர்ப்பிச் சோதனைக்கான வளர்ப்பு ஊடகம் என்பது, ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தின் ஆற்றலை அளப்பதற்காக பாக்டீரியாக்களை வளர்க்கப் பயன்படும் ஊட்டப்பொருட் கலவை ஆகும். இது அகார் சேர்க்கப்பட்ட திண்ம ஊடகமாகவோ, குழம்பு எனப்படும் நீர்ம ஊடகமாகவோ இருக்கலாம். பாக்டீரியாவை வளரச் செய்வது மட்டும் இதன் பணி அன்று. மருந்தின் செயலைக் கூட்டாமலும் குறைக்காமலும் காட்டுவதும் இதன் பணியாகும். ஊடகத்தின் அமிலத்தன்மை, உப்புக்கள், அகாரின் தரம், தட்டில் அதன் தடிப்பு ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் சோதனை முடிவு மாறிவிடும். அதனால் வீரியம் குறைந்த மருந்து நல்ல மருந்தாகத் தேறிவிடலாம்; பயன் தரக்கூடிய மருந்து பயனற்றது என ஒதுக்கப்படவும் கூடும்.

இருவகைச் சோதனைகள்

இவ்வூடகங்கள் இரண்டு வேறுபட்ட நோக்கங்களுக்குப் பயன்படுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

முதலாவது, ஆற்றல் மதிப்பீடு. இதில் பாக்டீரியா அறியப்பட்ட ஒன்று. மருந்தின் வலிமையே அறியப்படாதது. மருந்துத் தொழிற்சாலைகளிலும் அரசு மருந்துப் பரிசோதனைக் கூடங்களிலும் இது செய்யப்படுகிறது. நியோமைசின், பாசிட்ராசின், நிஸ்டாட்டின் போன்றவை ஒரே மூலக்கூறால் ஆனவை அல்ல. ஒன்றையொன்று ஒத்த பல சேர்மங்களின் கலவைகள். எனவே இவற்றின் மொத்த ஆற்றலை வேதியியல் பகுப்பாய்வால் மட்டும் கூறுவது கடினம். உயிருள்ள நுண்ணுயிரின் மீது அவை ஏற்படுத்தும் விளைவைக் கொண்டே அளக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது, உணர்திறன் சோதனை. இதில் மருந்தின் அளவு அறியப்பட்டது. நோயாளியிடமிருந்து பெறப்பட்ட பாக்டீரியாவின் தன்மையே அறியப்படாதது. மருத்துவமனை ஆய்வகங்களில் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என முடிவு செய்ய இது உதவுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் இராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஊடகத்தைத் திண்மமாக்க ஜெலட்டின் பயன்படுத்தப்பட்டது. ஜெலட்டின் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். சென்னை போன்ற கடற்கரை நகரில் ஆண்டின் பெரும்பகுதியில் அது தட்டில் நீர்மமாகவே இருந்திருக்கும். 1881ஆம் ஆண்டளவில் ஃபேன்னி ஹெஸ்ஸே என்பவர், சமையலில் பயன்பட்டு வந்த அகாரைப் பரிந்துரைத்தார். அகார் 85 பாகையளவில் உருகி, 40 பாகைக்குக் கீழே குளிர்ந்த பின்னரே இறுகுகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் இயலாது.

1940இல் ஆக்சுபோர்டில் நார்மன் ஹீட்லி, பெனிசிலினை அளப்பதற்காக உருளைத் தட்டு முறையை உருவாக்கினார். பாக்டீரியா பரப்பிய அகாரின் மேல் சிறு உருளைகளை நிறுத்தி, அவற்றுள் மருந்துக் கரைசலை ஊற்றி, சுற்றிலும் தோன்றும் தெளிந்த வளையத்தை அளப்பதே இம்முறை. இன்றளவும் ஆற்றல் மதிப்பீட்டின் அடிப்படை இதுவேயாகும்.

1941இல் ஜான் ஹோவர்டு முல்லர், ஜேன் ஹின்டன் ஆகிய இருவரும் கோனோகாக்கசு, மெனிங்கோகாக்கசு ஆகியவற்றை வளர்ப்பதற்காக மாப்பொருள் கலந்த ஓர் ஊடகத்தை வெளியிட்டனர். பிற்காலத்தில் இந்த முல்லர்-ஹின்டன் ஊடகமே உணர்திறன் சோதனைக்கான பொது ஊடகமாயிற்று. 1966இல் பாவர், கிர்பி, ஷெர்ரிசு, டர்க் ஆகியோர் மருந்து ஊறிய காகித வட்டுக்களைக் கொண்டு செய்யும் சோதனையைச் செந்தரப்படுத்தியபோது இவ்வூடகத்தையே பயன்படுத்தினர். அது இன்று கிர்பி-பாவர் முறை என அறியப்படுகிறது.

வடசென்னையும் இச்சோதனைகளும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளைக் கொண்ட வடசென்னை, துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் ஒருங்கே அமைந்த பகுதியாகும். நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் ஆற்றல் பற்றிய வினா இங்குப் பல வழிகளில் எழுகிறது.

இந்தியாவுக்குள் கடல்வழியாக மருந்துகளை இறக்குமதி செய்ய மருந்துகள் விதிகளில் குறிப்பிடப்பட்டுள்ள துறைமுகங்களுள் சென்னையும் ஒன்று. நடுவண் மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றும் சென்னையில் உள்ளது. ராயபுரத்தை ஒட்டியுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையும், 1938இல் அப்பெயர் பெற்ற ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் வடசென்னை மக்களின் முதன்மையான சிகிச்சை நிலையமாகவும் மருத்துவக் கல்வி நிலையமாகவும் விளங்குகின்றன. தண்டையார்பேட்டையில் உள்ள அரசு தொற்றுநோய் மருத்துவமனை, காலரா உள்ளிட்ட தொற்றுநோய்களுக்கு நீண்டகாலமாகச் சிகிச்சை அளித்து வருகிறது.

தடை வளையம் உருவாகும் முறை

பாக்டீரியா பரப்பப்பட்ட அகாரில் மருந்து வைக்கப்பட்டதும் இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மருந்து வெளிநோக்கி விரவுகிறது, பாக்டீரியா பெருகுகிறது. பாக்டீரியாவின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும் நேரம் மாறுநிலை நேரம் எனப்படும். அந்நேரத்தில் மருந்தின் தடுக்கும் செறிவு எவ்விடத்தில் உள்ளதோ அவ்விடமே வளையத்தின் எல்லையாக நிலைபெறுகிறது. அதன் பின்னர் மருந்து மேலும் விரவினாலும் எல்லை பெரிதாக நகர்வதில்லை.

எனவே ஊடகம் அளவுக்கு மீறிச் செழிப்பாக இருந்தால் பாக்டீரியா விரைவில் பெருகி, வளையம் சிறுத்துவிடும். ஊடகம் மிகவும் வறியதாக இருந்தால் வளர்ச்சி மங்கலாகி, வளையத்தின் விளிம்பு தெளிவற்றுப் போகும்.

வளையத்தின் விட்டத்துக்கும் மருந்துச் செறிவின் மடக்கைக்கும் குறுகிய எல்லைக்குள் நேர்கோட்டுத் தொடர்பு உண்டு. இதனைப் பயன்படுத்தியே ஆற்றல் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, செந்தர மருந்தின் இரு செறிவுகள் 2:1 என்ற விகிதத்தில் வைக்கப்பட்டு, அவற்றின் வளையங்கள் 20.0 மி.மீ, 17.0 மி.மீ எனக் கிடைக்கின்றன எனக் கொள்வோம். செறிவு இருமடங்கானால் விட்டம் 3.0 மி.மீ கூடுகிறது. சோதிக்கப்படும் மருந்தின் வளையங்கள் 19.7 மி.மீ, 16.7 மி.மீ என இருந்தால், வேறுபாடு 0.3 மி.மீ, அதாவது இருமடங்குக்குரிய விட்ட வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஆற்றல், 2இன் அடுக்கு -0.1, ஏறத்தாழ 93.3 விழுக்காடு.

இக்கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. 0.3 மி.மீ என்னும் மிகச்சிறு அளவீட்டுப் பிழை, ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் பிழையாக மாறுகிறது. வேறோர் ஊடகத்தில் இருமடங்குக்கு 4.0 மி.மீ வேறுபாடு கிடைக்குமாயின், அதே 0.3 மி.மீ பிழை 5 விழுக்காட்டளவே ஆகும். ஊடகத்தை மேம்படுத்துவது என்பதன் பொருள் பெரிய வளையத்தைப் பெறுவது அன்று. செறிவு மாற்றத்துக்கேற்பத் தெளிவாக வேறுபடும், விளிம்பு கூர்மையான வளையத்தைப் பெறுவதே ஆகும்.

ஊடகத்தின் கூறுகளும் அவற்றின் விளைவுகளும்

அகார்: அகார் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாப் பகுதியில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவை இதற்காகச் சேகரிக்கப்படுகின்றன. அகாரில் சல்பேட்டுத் தொகுதிகளைக் கொண்ட, எதிர்மின்னேற்றமுள்ள பகுதி ஒன்று உண்டு. நேர்மின்னேற்றமுள்ள பாலிமிக்சின், அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் அதனுடன் பிணைந்து மெதுவாக விரவுகின்றன. ஆகவே உணவுத்தர அகாரைக் கொண்டு இச்சோதனைகளைச் செய்தல் ஏற்றதன்று. சல்பேட்டும் தாது உப்புக்களும் குறைந்த நுண்ணுயிரியல் தர அகாரே தேவை.

அமில, காரத்தன்மை: ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் போன்றவை காரத்தன்மையுள்ள ஊடகத்தில் வீரியம் மிகுந்தும், அமிலத்தன்மையுள்ள ஊடகத்தில் வீரியம் குறைந்தும் காணப்படும். டெட்ராசைக்ளின் இதற்கு நேர்மாறானது. குளுக்கோசு மிகுந்தால் பாக்டீரியா அதை நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்கும். முல்லர்-ஹின்டன் ஊடகத்தில் குளுக்கோசுக்கு மாற்றாக மாப்பொருள் உள்ளது. அகாரிலிருந்து வெளிப்படும் நச்சுத்தன்மையுள்ள கொழுப்பு அமிலங்களையும் அம்மாப்பொருள் ஈர்த்துக்கொள்கிறது.

கால்சியம், மக்னீசியம்: இவ்வயனிகள் மிகுந்தால் சூடோமோனாசு பாக்டீரியாவுக்கு எதிராக ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் செயல் குறைந்து, பாக்டீரியா எதிர்ப்பாற்றல் உடையதாகப் பொய்யாகத் தோன்றும். அயனிகள் மிகக் குறைந்தால் முடிவு எதிர்த்திசையில் பிழையாகும். எனவே முல்லர்-ஹின்டன் குழம்பில் லிட்டருக்குக் கால்சியம் 20 முதல் 25 மி.கி, மக்னீசியம் 10 முதல் 12.5 மி.கி இருக்குமாறு சரிசெய்யப்படுகிறது.

இது வடசென்னைக்குத் தனிச்சிறப்புள்ள செய்தியாகும். எண்ணூருக்கு வடமேற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்துள்ளது நன்கறியப்பட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மி.கி மக்னீசியமும் 400 மி.கி கால்சியமும் உள்ளன. ஊடகம் தயாரிக்கும் நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருந்தால்கூட, லிட்டருக்கு 13 மி.கி மக்னீசியம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அதாவது இருக்க வேண்டிய அளவு இருமடங்காகிவிடும். ஆகவே ஊடகம் தயாரிக்கக் காய்ச்சி வடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீர் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்.

தைமிடின்: சல்பா மருந்துகளும் டிரைமெத்தோபிரிமும் பாக்டீரியா ஃபோலேட் ஆக்குவதைத் தடுத்து, அதன்வழி டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமிடின் உருவாவதைத் தடுக்கின்றன. ஊடகத்திலேயே தைமிடின் கலந்திருந்தால் பாக்டீரியா அதை எடுத்துக்கொண்டு மருந்தைத் தாண்டி வளர்ந்துவிடும். இறைச்சிச் சாறும் பெப்டோனும் உயிர்ப்பொருள்களிலிருந்து பெறப்படுவதால், ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் மற்றொன்றுக்கும் தைமிடின் அளவு வேறுபடக்கூடும்.

தடிப்பும் ஈரமும்: வட்டுச் சோதனையில் அகாரின் தடிப்பு 4 மி.மீ இருத்தல் வேண்டும். 100 மி.மீ தட்டுக்கு 25 முதல் 30 மி.லி ஊடகம் இதற்குப் போதுமானது. தடிப்பு மிகுந்தால் வளையம் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் தட்டின் மேற்பரப்பு எளிதில் உலராது. நீர்த்துளி நிற்கும் தட்டில் பாக்டீரியா ஒரே சீராகப் பரவாது. ஆகவே பயன்படுத்துவதற்கு முன் தட்டுகள் சிறிது நேரம் உலர்த்தப்படுகின்றன.

ஆற்றல் மதிப்பீட்டில் பயன்படும் ஊடகங்கள்

மருந்துத் தரநூல்கள் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி ஊடகத்தையும் சோதனை நுண்ணுயிரையும் குறிப்பிடுகின்றன. 1955இல் முதற்பதிப்பு வெளிவந்த இந்திய மருந்துத் தரநூலும் உருளைத் தட்டு முறை, கலங்கல் முறை ஆகிய இரண்டையும் ஏற்கிறது. இத்தகைய ஊடகங்களுள் சில வருமாறு:

* பெனிசிலின் வகைகளுக்கான ஊடகம்: லிட்டருக்குப் பெப்டோன் 6 கிராம், கேசின் செரிமானப் பொருள் 4 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 1.5 கிராம், குளுக்கோசு 1 கிராம், அகார் 15 கிராம், பி.எச் மதிப்பு ஏறத்தாழ 6.6.
* ஸ்ட்ரெப்டோமைசினுக்கான ஊடகம்: பெப்டோன் 6 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 1.5 கிராம், அகார் 15 கிராம், பி.எச் மதிப்பு ஏறத்தாழ 7.9. குளுக்கோசு சேர்க்கப்படுவதில்லை.
* பாலிமிக்சினுக்கான ஊடகம்: அகார் 12 கிராமாகக் குறைக்கப்பட்டு, பாலிசார்பேட்டு 80 என்னும் பரப்புக் கவர்ச்சிப் பொருள் 10 மி.லி சேர்க்கப்படுகிறது. மெதுவாக விரவும் பெரிய மூலக்கூறுக்கு இவை வழிவிடுகின்றன.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே கூறிய காரணங்களுள் ஒன்று இருப்பதைக் காணலாம்.

சோதனை நுண்ணுயிராக பேசில்லசு சப்டிலிசு பெரிதும் விரும்பப்படுகிறது. அதன் வித்துக்களைக் குளிர்பதனப் பெட்டியில் நெடுநாள் வைத்துக்கொள்ளலாம் என்பதே காரணம். ஏ.டி.சி.சி 9341 என்னும் எண்ணுடைய பாக்டீரியா நெடுங்காலம் மைக்ரோகாக்கசு லூட்டியசு எனப்பட்டு, 2003இல் கொக்கூரியா ரைசோஃபிலா என மறுவகைப்படுத்தப்பட்டது. பழைய நூல்களைப் படிப்போர் இப்பெயர் மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

1992ஆம் ஆண்டின் காலராவும் ஊடகமும்

1992இன் பிற்பகுதியில் சென்னையில் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று கண்டறியப்பட்டது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா அனைத்தும் ஓ1 வகையைச் சேர்ந்தவை. புதிய வகைக்கு ஓ139 எனப் பெயரிடப்பட்டது. அது வங்காள விரிகுடாவை ஒட்டிய பகுதிகளில் விரைந்து பரவியது.

சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட எம்.ஓ.10 என்னும் ஓ139 கிருமியில், மருந்து எதிர்ப்பு மரபணுக்களைத் தாங்கி ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தானே இடம்பெயரக்கூடிய மரபுக்கூறு ஒன்று இருப்பது 1996இல் அறிவிக்கப்பட்டது. சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் ஆகிய மருந்துகளின் பெயரால் அது எஸ்.எக்ஸ்.டி எனப்பட்டது. குளோராம்பெனிக்கால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பும் அதில் அடங்கும்.

சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் ஆகிய இரண்டுமே தைமிடின் கலந்த ஊடகத்தில் பொய்யான முடிவைத் தரக்கூடியவை என்பது குறிப்பிடத்தக்கது. தைமிடின் மிகுந்த தட்டில் எல்லாக் கிருமிகளும் எதிர்ப்பாற்றல் உடையனவாகவே தோன்றும். உண்மையான எதிர்ப்பை அத்தகைய தட்டில் பிரித்தறிய இயலாது. காலராவில் நீர்ச்சத்தை ஈடுசெய்வதே உயிர் காக்கும் முதற்சிகிச்சை. எனினும் கடும் நோயாளிகளில் நோய்க்காலத்தைக் குறைக்க உரிய மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளதால், சோதனைத் தட்டின் நம்பகத்தன்மை இன்றியமையாதது.

என்.டி.எம்-1உம் துத்தநாகமும்

2010இல் தி லான்செட் தொற்றுநோய்கள் இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை வெளியானது. கார்பாபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்-1 நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 எனவும், இந்தியா, பாக்கித்தானின் பிற இடங்களில் 73 எனவும் கண்டறியப்பட்டதாக அது கூறியது. 2012இல் மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கான சென்னைப் பிரகடனம் உருவானதற்கு இத்தகைய கண்டுபிடிப்புகள் பின்புலமாயின.

என்.டி.எம்-1 நொதி செயல்படத் துத்தநாக அயனி தேவை. மனித உடலில் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் துத்தநாகம் மிகக் குறைவு. தொற்றின்போது உடல் அதை மேலும் ஒளித்து வைக்கிறது. ஆனால் வழமையான முல்லர்-ஹின்டன் குழம்பில் துத்தநாகம் மிகுதி. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் அதன் அளவும் வேறுபடுகிறது. எனவே இவ்வகை நொதிகளைக் கொண்ட பாக்டீரியாக்கள், உடலில் இருப்பதைவிடக் கூடுதல் எதிர்ப்பாற்றல் உடையனவாகச் சோதனைக் குழாயில் தோன்றலாம் என்பதை அண்மைக்கால விலங்கு ஆய்வுகள் சுட்டியுள்ளன. இதைக் கொண்டு சிகிச்சை முறையை மாற்றலாமா என்பது இன்னும் ஆய்வுக்குரியது.

இதே நோக்கில் வேறு மாற்றங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. இரும்பைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவினுள் நுழையும் செஃபிடெரோகால் மருந்துக்கு இரும்பு நீக்கிய குழம்பும், டாப்டோமைசினுக்கு லிட்டருக்கு 50 மி.கி கால்சியம் கொண்ட குழம்பும் பயன்படுத்தப்படுகின்றன.

ஊடகத்தை மேம்படுத்தும் வழிமுறை

புதிய ஊடகத்தையோ புதிய அகார்த் தொகுதியையோ ஏற்பதற்கு முன், ஒரு நேரத்தில் ஒரு கூறை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பின்வருவன ஒப்பிடப்படும்:

* செறிவு இருமடங்காகும்போது வளையம் எவ்வளவு கூடுகிறது.
* வளையத்தின் விளிம்பு கூர்மையாக உள்ளதா.
* ஒரே கரைசலை ஒரே தட்டில் பலமுறை வைக்கும்போது விட்டம் எவ்வளவு மாறுபடுகிறது.
* செந்தர மருந்து, சோதனை மருந்து ஆகியவற்றின் கோடுகள் இணையாக உள்ளனவா. இணையாக இல்லையெனில் கணக்கிடப்படும் ஆற்றலுக்குப் பொருளில்லை.

உணர்திறன் சோதனையில் தரக்கட்டுப்பாட்டுப் பாக்டீரியாக்கள் பயன்படுகின்றன. ஏ.டி.சி.சி 25922 எண்ணுள்ள ஈ. கோலை, 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வட்டைச் சுற்றி 19 முதல் 26 மி.மீ வளையம் தர வேண்டும். ஏ.டி.சி.சி 27853 எண்ணுள்ள சூடோமோனாசு, கால்சியம், மக்னீசியம் அளவுகளின் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஏ.டி.சி.சி 29212 எண்ணுள்ள எண்டரோகாக்கசு, டிரைமெத்தோபிரிம்-சல்பாமெத்தாக்சசோல் வட்டைச் சுற்றி 20 மி.மீ அல்லது அதற்கு மேல் தெளிந்த வளையம் தந்தால், ஊடகத்தில் தைமிடின் ஏற்கத்தக்க அளவில் உள்ளது எனக் கொள்ளலாம்.

வெப்பநிலையும் கருதத்தக்கது. வட்டுச் சோதனைத் தட்டுகள் 35 பாகையில், 2 பாகைக்கு மேல் கூடாமலும் குறையாமலும், 16 முதல் 18 மணி நேரம் வைக்கப்படுகின்றன. குளிர்விக்கும் அமைப்பு இல்லாத இன்குபேட்டர், அறையின் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பநிலைக்குச் செல்ல இயலாது. சென்னையின் மே மாத வெயிலில் காற்றோட்டமில்லாத அறையில் இவ்வரம்பு எளிதில் மீறப்படலாம்.

வரம்புகள்

எவ்வளவு மேம்படுத்தினாலும் தட்டுச் சோதனை எல்லா மருந்துகளுக்கும் பொருந்தாது. கொலிஸ்டினின் விரவல் மிகக் குறைவு என்பதால் வட்டுச் சோதனை அதற்கு நம்பத்தக்கதன்று. குழம்பில் நீர்த்தல் முறையே பரிந்துரைக்கப்படுகிறது. மேலும் எந்த ஊடகமும் மனித உடலின் நிலையை முழுமையாக ஒத்திருப்பதில்லை. முல்லர்-ஹின்டன் ஊடகம் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதற்குக் காரணம் அது உடலை ஒத்திருப்பது அன்று. உலகெங்கும் ஒரே முறையில் செய்து ஒப்பிட முடிவதே ஆகும். மருந்தின் வரம்பெல்லைகள் பெரும்பாலும் அவ்வூடகத்தில் கிடைத்த அளவுகளைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஓர் ஆய்வகம் தன் விருப்பப்படி ஊடகத்தை மாற்றிக்கொண்டால், ஊடகம் சிறந்ததாகவே இருப்பினும், அதன் முடிவுகளை அவ்வெல்லைகளோடு ஒப்பிட இயலாமல் போய்விடும்.